ஏழு மணி அக்காவின் சக்கரங்கள்

எங்கள் படக்கதையில் நிதியமைச்சர் நிழலுக்கு வரி போடுகிறார். நாடே கொண்டாடும் கோல்கீப்பர், வருகிற விண்கற்களை எல்லாம் பாய்ந்து பாய்ந்து பிடிக்கிறார். பிரபல பாடகர் ஒருவர் உச்சஸ்தாயியில் இழுத்தால்தான் விண்கலத்தின் கதவு திறக்கும். அவருக்குச் சளி பிடித்த வாரம் ஊரே வெளியில் நின்றது. படக்கதையின் பெயர் ‘வெளிக்கோள் நகராட்சி’. வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கம். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பத்திரிகையைப் பின்னாலிருந்துதான் திறக்கிறார்கள் என்று ஆசிரியரே ஒத்துக்கொண்டிருக்கிறார், நாங்கள் சம்பள உயர்வு கேட்காத நாட்களில்.

கதை எழுதுவது நான். வரைவது என் அண்ணன். எனக்கு நாற்பது வயதாகிவிட்டது, இன்னும் என்னைப் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுகிறான். அவனுக்குத் தலை நரைத்துவிட்டது, நான் இன்னும் அவனை ‘டேய்’ என்றுதான் கூப்பிடுகிறேன். கணக்குச் சரியாகிவிட்டது.

எங்கள் அறை இரண்டாவது மாடியில். அதற்குக் கீழே ஒரு தையல் வகுப்பு, அதற்கும் கீழே தெருவோடு ஒட்டி ஒரு சலூன். இந்தச் சலூன்தான் எங்கள் தணிக்கைக் குழு. படக்கதையில் வரும் பிரபலங்களுக்கு நாங்கள் பெயர் போடுவதில்லை. முகத்தைப் பார்த்தே ஆள் தெரிய வேண்டும். அதனால் பென்சில் வேலை முடிந்ததும் பக்கத்தை எடுத்துக்கொண்டு நான் கீழே இறங்குவேன். சலூனில் இருக்கும் மூன்று பேரிடம் காட்டுவேன். மூன்று பேரும் இன்னார் என்று சொன்னால் மை ஏறும். ஒருவர் தடுமாறினாலும் அண்ணன் அழித்துவிட்டு மறுபடி வரைவான். சலூன்காரர்தான் நடுவர். நான் லேசாகப் புருவத்தை உயர்த்தினாலே, “குறிப்புக் குடுக்கக் கூடாது” என்று கத்தரிக்கோலை என் பக்கம் நீட்டுவார்.

அண்ணனுக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. பார்க்காததை வரைய மாட்டான். நிதியமைச்சரின் பின்னந்தலை எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக ஒரு பொதுக்கூட்ட மேடைக்குப் பின்னால் வெயிலில் நின்றுவிட்டு வந்தவன். “மூணு தலை வேற்றுக்கிரக ஆளை மட்டும் பார்த்துட்டா வரையிறே?” என்று கேட்டால், “அதை யாருமே பார்த்ததில்ல. தப்புக் கண்டுபிடிக்க ஆள் கிடையாது. மனுஷங்க விஷயம் வேற” என்பான். இதற்கு மேல் அவனிடம் பேசுவது வெட்டி வேலை.

இப்படிப்பட்டவனிடம்தான் நான் ஏழு மணி அக்காவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஏழு மணிச் செய்தி வாசிப்பவரை நாட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். எத்தனையோ வருடங்களாக அதே மேஜை, அதே நிதானம். வெள்ளம் வந்தாலும் பூக்கண்காட்சி நடந்தாலும் அவர் குரல் ஒரு இழை ஏறாது, ஒரு இழை இறங்காது. அவரை விண்கலத்தின் கேப்டனாக்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கலம் சுக்குநூறாகப் போகும் நேரத்தில், “இயந்திரம் நின்றுவிட்டது. அடுத்து, விளையாட்டு” என்று அவர் அறிவிப்பார். எழுதும்போதே நான் சிரித்துவிட்டேன்.

அண்ணன் முகத்தை வரைந்தான். அச்சு அசல் அவரேதான். தோள், கை எல்லாம் வந்தது. இடுப்புக்கு வந்ததும் பென்சிலை வைத்துவிட்டான்.

“கால் எங்கடா?”

“நான் பார்த்ததில்லையே பாப்பா. யாரும் பார்த்ததில்ல. எப்பவும் மேஜைக்குப் பின்னாலதானே உட்கார்ந்திருக்காங்க.”

“எல்லாருக்கும் இருக்கிற மாதிரி ரெண்டு போடு.”

“எல்லாருக்கும் இருக்கிற மாதிரி ஒரு மூக்குப் போட்டா நீ ஒத்துக்குவியா?”

அவன் ஜன்னலோரம் போய் நின்றான். எதிரே அச்சகத்தின் முற்றத்தில் காகித உருளைகளை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து, கேப்டனின் இடுப்புக்குக் கீழே அந்த வண்டியை அப்படியே வரைந்துவிட்டான். ஆறு சக்கரங்கள். சலூனில் மூன்று பேரும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆளைச் சொல்லிவிட்டார்கள். மை ஏறியது.

அதன் பிறகு கேப்டன்தான் எங்கள் கதைக்கு ராணி. சனிக்கோளின் வளையத்தின் மேல் ஆறு சக்கரமும் பொறி பறக்க ஓடுவார். நிதியமைச்சரே ஒதுங்கி வழிவிடுவார். எனக்கு அவர் மேல் ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாருக்கும் நல்ல வசனம் எழுத மனம் வரவில்லை.

ஒருநாள் காலையில் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் குரலில் இருந்த நடுக்கத்தைக் கேட்டதும், யாரோ வழக்குப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

“உங்களுக்கு யார் சொன்னது?” என்றார்.

“எதை சார்?”

“அந்தம்மா நிஜமாவே சக்கர நாற்காலியிலதான் இருக்காங்களாம். சின்ன வயசுலேர்ந்தே. டிவி நிலையத்துல நாலஞ்சு பேருக்குத்தான் தெரியுமாம். கேமரா ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மேஜைக்குப் பின்னால வந்துடுவாங்களாம். அங்க மேனேஜர் என்னைப் பிடிச்சு உலுக்கு உலுக்குன்னு உலுக்கிட்டார். ரகசியம் எப்படி வெளிய வந்துச்சு, ஒரு பொம்பளையோட குறையைக் கேலி பண்றீங்களான்னு கேக்கறார்.”

“யாருமே சொல்லல சார். அது அச்சகத்துத் தள்ளுவண்டி” என்றேன்.

“அடுத்த இதழ்லயே சரி பண்ணிடறோம்னு சொல்லிட்டேன்” என்றார் ஆசிரியர். “சக்கரம் இருக்கக் கூடாது. இருந்தா ‘வெளிக்கோள் நகராட்சி’யையே நிறுத்தச் சொல்லிட்டார் முதலாளி. இத்தோட போச்சுன்னு வச்சுக்கங்க.”

அண்ணனிடம் சொன்னேன். அவன் முகத்தில் ரத்தம் இல்லாமல் போனது. எறும்பு மேஜையில் ஏறினால் அது இறங்கும்வரை கோடு போடாமல் காத்திருக்கிறவன் அவன். நாற்காலியில் உட்கார்ந்து, பழைய இதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினான். படக்கதை நின்றுபோவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“அவங்க பார்த்திருப்பாங்க இல்ல, பாப்பா? ஒவ்வொரு வாரமும் பார்த்திருப்பாங்க இல்ல?” என்று மட்டும் கேட்டான்.

அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே நிமிர்ந்தான்.

“கால் குடுத்துடலாம்.”

“என்னது?”

“ஒரு கிரகத்துல டாக்டர் ஒருத்தர் இருக்கார். அவர் கேப்டனுக்குக் கால் குடுக்கறார். அவங்க எழுந்து நிக்கறாங்க. நம்ம பண்ணின தப்புக்கு நம்மால வேற என்ன குடுக்க முடியும்?”

எனக்கு அந்த யோசனை அமிர்தமாக இனித்தது. உடனே உட்கார்ந்து எழுதினேன். கேப்டன் முதல் அடி எடுத்து வைக்கிறார், கோல்கீப்பர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், பாடகர் பாடுகிறார், எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறக்கின்றன. எழுதி முடித்தபோது நானே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அண்ணன் அண்ணன்தானே. பார்க்காத காலை வரைய மாட்டேன் என்று அடம்பிடித்தான். கடைசியில் என்னை மேஜைமேல் ஏற்றி நிற்க வைத்தான். முழங்கால்வரை துணியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில், விண்வெளியை வெறித்துப் பார்த்தபடி நான் நின்றேன்.

“வலது முட்டி கொஞ்சம் உள்ள திரும்பியிருக்கு.”

“அதை அப்படியே போட்டுத் தொலைக்காதே.”

போடவில்லை. தாளில் வந்த கால்கள் என் கால்களைவிட அழகு. அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கும்போது, எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சலூனில் அப்போது மூன்று பேர். நாற்காலியில் சாய்ந்து முகம் முழுக்க நுரையோடு ஒரு பஸ் டிரைவர். வெட்ட ஒரு முடிகூட இல்லாமல், மின்விசிறிக்காகவும் செய்தித்தாளுக்காகவும் தினமும் வரும் ஒரு வழுக்கைத்தலையர். மறுநாள் கல்யாணம் வைத்துக்கொண்டு பதற்றத்தோடு முறை காத்திருக்கும் ஒரு மாப்பிள்ளை.

வழுக்கைத்தலையரிடம் முதலில் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“புது ஆளா? சினிமாவா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேப்டனை ஆள் தெரியாமல் போன முதல் தடவை இது. மாப்பிள்ளையிடம் காட்டினேன்.

“எங்கயோ பார்த்த மாதிரிதான் இருக்கு. சோப்பு விளம்பரத்துல வருவாங்களே, அவங்களா?”

“நல்லாப் பாருங்க சார்” என்று கெஞ்சினேன். கத்தரிக்கோல் என் பக்கம் திரும்பியது.

அந்த நேரத்தில் வாசலில் ஏதோ இடித்தது. ஒரு சக்கர நாற்காலி. சலூனின் வாசற்படி கொஞ்சம் உயரம். முன் சக்கரம் அதில் முட்டி நின்றது. பின்னால் ஒரு கார் ஓட்டுநர் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடினேன். நல்ல மனசுக்காரர்கள் செய்வதை எல்லாம் செய்தேன். சக்கரத்தைப் பார்த்தேன், படியைப் பார்த்தேன், கதவைப் பிடித்தேன், மூலையில் இருந்த துடைப்பத்தைக்கூட நகர்த்தினேன். உட்கார்ந்திருந்தவர் சங்கடப்படக் கூடாதே என்று அவரை மட்டும் பார்க்கவில்லை. சலூனில் மற்றவர்களுக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. வழுக்கைத்தலையர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்தினார். மாப்பிள்ளை தன் நகத்தை ஆராய்ந்தார்.

பஸ் டிரைவரால் மட்டும் அப்படி எதுவும் செய்ய முடியவில்லை. கழுத்தில் கத்தி. அசைய வழியில்லாமல் நேரே கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இருந்த வாசல் முழுவதும் அந்தக் கண்ணாடியில் தெரிந்தது.

“யோவ், கத்தியை எடு. கேப்டன் வந்திருக்காங்க.”

எல்லோரும் நிமிர்ந்தோம். நானும்தான். சக்கரம், கை, தோள், அதற்கு மேலே நாடே அறிந்த அந்த முகம்.

“ஏழு மணி அக்கா!” என்று மாப்பிள்ளை துள்ளி எழுந்து நின்றார்.

“வணக்கம்” என்றார் அவர். அதே குரல்தான், ஒரு இழை ஏறவில்லை. “ரெண்டாவது மாடியில படக்கதை போடறவங்க இருக்காங்கன்னு சொன்னாங்க. லிஃப்ட் இல்லையாம். அவங்களைக் கொஞ்சம் கீழ கூப்பிட முடியுமா?”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “நான்தான் மேடம், எழுதறது” என்று முனகினேன். அவருடைய ஓட்டுநர் நாற்காலியைப் படி ஏற்றி உள்ளே விட்டுவிட்டு, அண்ணனைக் கூப்பிட மாடிக்குப் போனார்.

“எங்க மேனேஜர் ரொம்ப சந்தோஷமா வந்து, ‘சரி பண்ணச் சொல்லிட்டேன்’னார். என்ன சரி பண்ணப் போறீங்கன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

நான் பக்கத்தை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். துரோகி சலூன்காரர், “அதைத்தான் பின்னால வச்சிருக்காங்க” என்றார்.

கொடுத்தேன். அவர் மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். செய்தி வாசிப்பதற்கு முன்னால் தாளை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதுபோல, மேலிருந்து கீழே.

“இது யாரு?”

“நீங்கதான் மேடம்.”

“காலு?”

“என்னோடது.”

அவர் என் கால்களைக் குனிந்து பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். மறுபடி என் கால்களைப் பார்த்தார்.

“நல்ல காலுதான்” என்றார். “நீயே வச்சுக்கோம்மா.”

டிரைவருக்கு நுரைக்குள்ளிருந்து சிரிப்புப் பீறிட்டது. எனக்குச் சிரிப்பா அழுகையா என்றே தெரியவில்லை. அதற்குள் அண்ணன் வந்துவிட்டான். காதில் பென்சிலோடு, வாசலுக்கு வெளியிலேயே, வகுப்பைவிட்டு வெளியே அனுப்பப்பட்டவன் மாதிரி நின்றான்.

“மன்னிச்சுக்கங்க மேடம். சத்தியமா எங்களுக்குத் தெரியாது. கேலி பண்ணணும்னு…”

“முதல்ல உள்ள வந்து உட்காருங்க. எல்லாரும் நின்னுக்கிட்டே பேசினா எனக்குக் கழுத்து வலிக்கும்.”

உட்கார்ந்தோம். டிரைவர் பாதி சவரத்தோடு நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“வீட்டுக்குள்ள, டிவியில, எல்லாருக்கும் என்னைத் தெரியும்” என்றார் அவர். “தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. ஏன் தெரியுமா? முதல்ல நாற்காலியைப் பார்ப்பாங்க. பாவம்னு உடனே கண்ணைத் திருப்பிக்குவாங்க. முகம் வரைக்கும் யாரும் வந்ததே இல்ல.”

என் காது சுட்டது. துடைப்பத்தை நகர்த்திய கை இன்னும் தூசியாகத்தான் இருந்தது.

“ஜனங்க பரிதாபப்பட்டுட்டுச் செய்தியைக் கோட்டை விட்டுடுவாங்கன்னு மேனேஜருக்குப் பயம். பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனாலதான் மேஜைக்குப் பின்னாலயே இருந்துட்டேன். அப்புறம் உங்க கேப்டன் வந்தாங்க. இப்பல்லாம் தெருவுல சக்கரத்தைப் பார்த்தா, நிமிர்ந்து முகத்தைப் பார்க்கறாங்க. போன வாரம் காய்கறிக் கடையில ஒரு அம்மா, கையில முட்டைக்கோஸை வச்சுக்கிட்டு, ‘என்ன கேப்டன், இஞ்சின் சரியாயிடுச்சா?’ன்னு கேட்டாங்க. வீட்டுக்குப் போற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே போனேன்.” தாளை மடியில் ஒருமுறை நீவிவிட்டார். “நீங்க இதுக்குக் கால் குடுத்துட்டா, நாளைக்குத் தெருவுல நான் மறுபடி யாரு?”

வழுக்கைத்தலையர் செய்தித்தாளை நான்காக மடித்து மடிமேல் வைத்துக்கொண்டார். அண்ணன் கண்ணைத் துடைத்தான். விரலில் இருந்த மை கன்னமெல்லாம் அப்பிக்கொண்டது. எனக்கு அந்த நிமிடம் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அவ்வளவு பிரியம். ஏழு மணிக் குரலிடம் அப்படியெல்லாம் செய்ய முடியாது என்பதால் சும்மா இருந்தேன்.

“ஆனா ஒரு புகார் இருக்கு” என்றார் அவர். “ஆறு சக்கரம் வச்சா வண்டி எப்படி முனையில திரும்பும்?”

அண்ணனுக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது. “அங்க ஈர்ப்பு விசை கம்மி மேடம்.”

“கம்மியா இருந்தா முனை இருக்காதா?”

சலூன்காரர் குறுக்கே புகுந்தார். “அவர் பார்க்காததை வரைய மாட்டார் மேடம். அதான் பிரச்சினையே.”

“அப்ப பார்த்துக்கட்டும்” என்று அவர் கைகளைச் சக்கரங்களில் வைத்தார்.

வெட்டிப்போட்ட முடிக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து அண்ணன் வரைந்தான். அந்தக் குறுகலான சலூனில், இரண்டு நாற்காலிகளுக்கும் வாஷ்பேசினுக்கும் நடுவே, எங்கும் இடிக்காமல் அவர் ஒரு முழு வட்டம் அடித்துக் காட்டினார். முடி எல்லாம் பறந்து மாப்பிள்ளையின் புதுச் சட்டையில் விழுந்தது. மாப்பிள்ளை அதைத் தட்டவே இல்லை.

கிளம்பும்போது நான் கேட்டேன். “எங்க முதலாளி படக்கதையை நிறுத்தச் சொல்லிட்டாரே மேடம். சக்கரம் இருந்தா அச்சுக்குப் போகாதாம்.”

“ரகசியம் இருக்கிற வரைக்கும்தானே அந்தப் பேச்செல்லாம்” என்றார். சொல்லும்போது முதல் தடவையாக அந்தக் குரலில் சின்ன நடுக்கம் கேட்டது. கார் போன பிறகும் அது என் காதிலேயே இருந்தது.

மேலே போய் அண்ணன் என் கால்களை அழித்தான். அழிப்பான் தூளை நான் ஊதித் தள்ளினேன். டாக்டரை அப்படியே வைத்துக்கொண்டோம். அவர் ஒரு தட்டில் இரண்டு கால்களை ஏந்திக்கொண்டு வருகிறார். புதுச் சக்கரங்களில் இருக்கும் கேப்டன் அவற்றைப் பார்க்கிறார். “நல்ல கால்கள். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, விளையாட்டு.”

மாலையில் ஆசிரியரிடம் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். “அந்த டிவி நிலையத்துக்காரங்க ஒத்துக்காம என்னால அச்சுக்கு அனுப்ப முடியாதும்மா. ராத்திரிக்குள்ள தெரியலைன்னா கடைசிப் பக்கத்துல விளம்பரம்தான்” என்று வைத்துவிட்டார்.

ஏழு மணிக்கு எல்லோரும் சலூன் டிவிக்கு முன்னால்தான் இருந்தோம். டிரைவர் வேலை முடித்து வந்திருந்தார். வழுக்கைத்தலையர் போகவே இல்லை. மாப்பிள்ளையை வீட்டார் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் கைப்பேசியை அணைத்து வைத்திருந்தார்.

செய்தி வந்தது. வரவு செலவுத் திட்டம், ஒரு பாலம், எங்கேயோ மழை. அதே மேஜை, அதே முகம். நான் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. விளையாட்டும் முடிந்தது. “இத்துடன் செய்திகள் நிறைவடைந்தன. நன்றி” என்றார். தினமும் அதற்குப் பிறகு இசை வரும், அவர் தாள்களை அடுக்கிக்கொண்டே இருப்பார், திரை மங்கும்.

இன்று அவர் தாள்களை அடுக்கவில்லை. மேஜைமேல் வைத்தார். இரண்டு கைகளையும் கீழே இறக்கினார். பின்னால் நகர்ந்தார். மேஜை அங்கேயே நின்றது. அவர் மட்டும் விலகி, முழுதாக வெளியே வந்தார். மேஜையின் முனையில் அழகாக ஒரு திரும்பு திரும்பி, அவசரமே இல்லாமல் கதவை நோக்கிப் போனார். அந்தக் கேமராக்காரர் யாரோ தெரியாது, அவர் நன்றாக இருக்கட்டும். கதவு வரைக்கும் கேமராவைக் கூடவே அனுப்பினார்.

சலூன்காரர் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“கேப்டன்” என்றார் டிரைவர்.

“கேப்டனேதான்” என்றார் வழுக்கைத்தலையர்.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். திரையைப் பார்த்துத் தலையைத் தலையை ஆட்டினார். பிறகு அவரும் சொன்னார், “கேப்டன்.”

சலூன்காரர் கத்தரிக்கோலை ஒரு தடவை சொடுக்கினார். “மூணு பேரும் சொல்லியாச்சு. பாஸ்.”

நான் வெட்கத்தைவிட்டு அழுதேன். கழுத்தில் போடுகிற சலூன் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்; முடி ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. ஆசிரியர்.

“பார்த்தீங்களா? பார்த்தீங்களா? மேனேஜருக்கு இனிமே மறைக்க என்ன இருக்கு! பக்கத்தை உடனே அனுப்புங்க. அச்சகத்துல காத்துக்கிட்டிருக்காங்க.”

அண்ணனிடம் சொன்னேன். அவன் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

“காத்திருக்கட்டும்” என்று எழுந்தான். “திரும்பும்போது பின் சக்கரம் லேசா உள்ள சாயுது, பாப்பா. பகல்ல கவனிக்காம விட்டுட்டேன்.”

பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினான்.